எட்டு மணி நேரம் என்று எழுதிய நாட்கள்

மகளின் பின்கழுத்தை நான் முதன்முதலாக அழுத்தித் தேய்த்தது மார்ச் மாதம், இரண்டாவது ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன். என் நோட்டில் இப்படி இருக்கிறது: “மழை இல்லை. எண்ணெய்க் குளியல். பின்கழுத்தில் அழுக்கு. கடலை மாவு, எலுமிச்சை. போகவில்லை.” தேதியும் இருக்கிறது. இங்கே கிழமையும் மாதமும் போதும்.

நோட்டு எழுதுவது மலேசியாவின் ஜொகூர் பாருவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரத்தில் தொடங்கிய பழக்கம். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எப்போது விட்டது, குழாயில் தண்ணீர் நின்ற நாள், மின்சாரம் போன நேரம், சிங்கப்பூர் போகும் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று கணவர் வந்து சொன்னது, எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். யாரும் கேட்டு எழுதவில்லை. எழுதாமல் படுத்தால் நாள் முடியாத மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கணவர் அக்கரையில், சிங்கப்பூரில், ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறார். நாலரைக்கு மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளுவார். மகள் படித்ததும் அங்கேதான். தேர்வு எழுதி இடைநிலைப் பள்ளியில் இடம் வாங்கினாள். அதனால் எங்கள் வீட்டில் விடிகாலை மூன்று ஐம்பதுக்கு விளக்கு எரியும். எங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீடுகளில் அப்படித்தான். இங்கே அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. நாலு நாற்பதுக்குப் பள்ளிப் பேருந்து முனையில் வந்து நிற்கும். எல்லையின் இரண்டு பக்கமும் கடப்பிதழ்ச் சோதனை முடிந்து பள்ளி வாசலில் ஆறு இருபதுக்கு இறக்கிவிடும். மாலையில் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். வீட்டுப்பாடம் முடிந்து பதினொரு மணிக்குப் படுப்பாள்.

அவள் அங்கே சேர்ந்த முந்தின ஆண்டு ஜனவரியில் நோட்டில் ஒரு புதிய கட்டம் போட்டேன்: தூக்கம். வளரும் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்று நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லியிருந்தன. இந்த வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப் போய்விடும், சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது என்பதையும் படித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டுவிட்டு மூன்று ஐம்பதுக்கு எழுப்பினேன்.

என் கணக்கு இப்படி. படுக்கையில் நாலு மணி ஐம்பது நிமிடம். காலைப் பேருந்தில் ஒரு மணி பத்து நிமிடம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை மேசையில் தலை சாய்த்து நாற்பது நிமிடம். மாலைப் பேருந்தில் ஒரு மணி இருபது நிமிடம். கூட்டினால் எட்டு. பள்ளிப் பேருந்தில் பிள்ளையை அனுப்புகிற தாய்மார் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். “பஸ்ல தூங்கிக்கும்” என்போம். நான் அதை எழுதி வேறு வைத்தேன். ஒவ்வொரு மாலையும் அவள் காலணியைக் கழற்றும்போதே கேட்பேன், பேருந்தில் எவ்வளவு தூங்கினாய் என்று. அவளும் சொல்வாள். “காலையில ஒண்ணு அஞ்சு, சாயங்காலம் ஒண்ணு இருபத்தஞ்சு.” எட்டுக்குக் குறைந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். முதல் மாதத்தில் ஏழு வட்டங்கள். பிறகு ஒன்றுகூட இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

கழுத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிறு அவளைக் குளியலறையில் முக்காலியில் உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லித் தேய்த்தேன். காதுக்குக் கீழிருந்து காது வரை, கரிக்கோடு இழுத்த மாதிரி ஒரு பட்டை. தொட்டால் சற்றுத் தடிப்பாக, வெல்வெட் துணி போல் இருந்தது.

“மா, அது அழுக்கு இல்ல. தோலே அப்படித்தான்.”

“தோலு ஒரு வருஷத்துல கறுக்குமா? காலையில நாலு சொம்பு ஊத்திட்டு ஓடுற குளியல் அது.”

“மூணு அம்பதுக்கு எழுப்பிட்டு நாலு சொம்பு ஊத்துனா பத்தாதாம். அலமாக், மெதுவாமா! அடிப்புடிச்ச சட்டியத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறீங்க.”

மறுநாள் கழுத்து சிவந்து, சட்டைக் காலர் பட்டு எரிந்திருக்கிறது. வகுப்பில் கேட்டிருக்கிறார்கள்.

“என்ன சொன்ன?” என்றேன்.

“கடலை மாவு, எலுமிச்ச, மஞ்சள். உப்பு மட்டும் போடல, இல்லனா எங்கம்மா என்னைப் பொரிச்சிருப்பாங்கன்னு சொன்னேன்.”

சிரித்தேன். அடுத்த ஞாயிறும் தேய்த்தேன். ஏப்ரல் கடைசி வரை தேய்த்தேன். நோட்டில் ஆறு முறை “போகவில்லை” என்று இருக்கிறது.

இதற்கிடையில் அவள் உடம்பு பெருத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தைத்த பாவாடையின் கொக்கி மே மாதத்தில் எட்டவில்லை. வளர்கிற பிள்ளை என்று கணவர் சொன்னார். ஆனால் உயரம் கூடவில்லை. காலையில் விழிப்பதற்காக பாலும் சர்க்கரையும் கலந்தே வரும் த்ரீ இன் ஒன் காப்பி இரண்டு பொட்டலம் சேர்த்துக் குடிப்பாள். பள்ளியில் ஓர் இனிப்புப் பானம், மாலை பேருந்து ஏறுமுன் இன்னொன்று. பசி தீரவே மாட்டேன் என்கிறது என்பாள். சனிக்கிழமைகளில் தலைவலி. சளி வந்தால் நெஞ்சில் இறங்கிவிடும். எல்லாமே என் நோட்டில் தனித்தனிக் கட்டத்தில் இருந்தன. ஒரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம், மூன்றாவது சனிக்கிழமை, பகல் பதினொன்றரை. அந்த ஆண்டின் நான்காவது இருமலுக்காக எங்கள் தாமான் குடியிருப்பின் கடை வரிசையில் உள்ள கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எங்கள் ஆள்தான், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மகளின் பின்னலை ஒதுக்கிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எப்பலேர்ந்து?”

“அழுக்கு டாக்டர். எவ்வளவோ தேச்சுப் பாத்துட்டேன்.”

“எத வச்சு?”

“கடலை மாவு.”

“அக்கா, இனிமே தேய்க்காதீங்க.” குரல் உயரவில்லை. தினமும் இதைச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார். “எங்கிட்ட வர்ற நம்ம அம்மாங்க எல்லாரும் இதத்தான் செய்றாங்க. மாவு, தயிர், ஒருத்தங்க கல்லு வச்சே தேச்சிருக்காங்க. இது வெளியில ஒட்டுனது இல்ல. உள்ள இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா தோலு இப்படிக் காட்டும். வீட்டுல யாருக்கு இனிப்பு நீர், சக்கரை வியாதி இருக்கு?”

“அப்பாவுக்கு,” என்றாள் மகள், எனக்கு முன்னால். “தினம் விரல்ல குத்திக்குவாரு.”

எடை, உயரம், என்ன சாப்பிடுகிறாள், என்ன குடிக்கிறாள் என்று கேட்டு எழுதினார். பிறகு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகவே கொடுத்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஸ்கூல் நாளு எல்லாம் எட்டு.”

“ஆமா டாக்டர்.”

“ஏழே முக்கால் இல்ல, எட்டே கால் இல்ல. என் மெஷின்கூட இவ்வளவு ஒழுங்கா காட்டாது லா.” மகளைப் பார்த்தார். அவள் இருமினாள். “அக்கா, நீங்க மழைய கூட்டுற மாதிரி தூக்கத்தக் கூட்டியிருக்கீங்க. காலையில ஒரு சொட்டு, மத்தியானம் ஒரு சொட்டு. ஒரே மூச்சா தூங்குனாத்தான் உடம்பு அதோட வேலைய செய்யும். வளர்றது, நோயோட சண்ட போடுறது, சக்கரைய சரியா வைக்கிறது, எல்லாம் அந்த ஆழமான தூக்கத்துலதான். தூக்கம் பத்தலன்னா மறுநாள் உடம்பு இனிப்பு கேக்கும். இவ குடுக்குறா. ஏற்கெனவே குடும்பத்துல வேற இருக்கு. தூக்கம் ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் சரியாகாம மத்தது சரியாகாது.”

ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை முடிவு வந்தது. சாதாரண அளவுக்கு மேல், நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழ். டாக்டர் தொலைபேசியில் சொன்னது: “இன்னும் வரல. வாசல்ல நிக்குது. இப்ப திருப்பி அனுப்பலாம். நாலு அஞ்சு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்.”

அன்றிரவு கணவரிடம் காட்டினேன். அவர் தன் ரத்தச் சோதனை மெஷினை மேசையில் வைத்து, தாளைத் தூரப் பிடித்துப் படித்தார்.

“நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் வர்றதுதானே. ஆனா நாப்பதுக்கு மேலதான் வரும்.”

“அவளுக்குப் பதினாலு.”

“தெரியும் லா. எனக்குத் தெரியாதா?” தாளை மடித்து வைத்தார். “அந்த பஸ்ல எத்தன பிள்ளைங்க போகுது. அதுங்க எல்லாம் நல்லாதானே இருக்கு.”

நல்லாதான் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. யாருடைய கழுத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பேருந்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஒரு பிள்ளை விடுப்பில் இருந்ததால் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அக்கரையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பேருந்து ஓட்டுபவரிடம் சொல்லி, மகளோடு நானும் ஏறினேன். கையில் நோட்டும் கடிகாரமும். மகள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டுபவர் ஐம்பது வயதுக்காரர். என்னைப் பார்த்ததும், “வாங்க அக்கா. உங்க பொண்ணு இல்லனா நான் செத்தேன். இவதான் இந்த வண்டிக்கு ஆபிசர்,” என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் விளங்கியது. வண்டியில் பாதிப் பேர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், ஏழு வயது, எட்டு வயது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெற்றோர் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள். என் மகள் எழுந்து, பையை வாங்கி மேலே வைத்து, கடப்பிதழ் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் உட்கார வைத்தாள். ஒரு சின்னப் பையனின் தலை ஜன்னலில் இடிக்காமல் தன் ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தாள். முதல் சோதனையில் உள்விளக்கு எரிந்தது. “எந்திரி, எந்திரி, மூஞ்சியக் காட்டு” என்று ஒவ்வொருவராக எழுப்பினாள். பாலத்தில் வண்டி நின்று நின்று நகர்ந்தபோது ஒரு சிறுமிக்கு வாந்தி. பை எடுத்துக் கொடுத்து, வாய் துடைத்து, தண்ணீர் கொடுத்தாள். மறுபடி சோதனை, மறுபடி விளக்கு. எனக்கு முன்னிருக்கையில் அவள் சேர்ந்தாற்போல் தலை சாய்த்தது இரண்டு முறை. நான் குறித்தேன்: ஆறு நிமிடம். நாலு நிமிடம்.

பள்ளி வாசலில் ஆறு பதினெட்டுக்கு இறங்கினோம். சிற்றுண்டிச்சாலை இன்னும் திறக்கவில்லை. வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“பத்து நிமிஷம்,” என்றேன்.

“இன்னிக்கு நீங்க வந்தீங்க, அதான்.”

“பொய் சொல்லாத.”

அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். “உங்க நோட்டுல எட்டு வரலன்னா செவப்பு வட்டம் போடுவீங்க. போன வருஷம் ஒரு நாள் நீங்க அப்பாகிட்ட பேசுனது கேட்டுச்சு. இப்படியே போனா இவள இங்கேருந்து எடுத்துடலாம்னு சொன்னீங்க. அதுலேர்ந்து எட்டு வர்ற மாதிரி சொல்லிட்டேன்.”

“தெனமுமா?”

“கழித்தல் கணக்குதானே. படுக்கையில நாலு அம்பதுன்னு உங்களுக்கே தெரியும். மிச்சம் மூணு பத்து. அதப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுப்பேன். காலையில கொஞ்சம் கொறச்சு, சாயங்காலம் கூட்டி. ஒரே மாதிரி இருந்தா சந்தேகப்படுவீங்கன்னு.”

“சாயங்காலம் பஸ்ல?”

“ஹோம்வொர்க். அப்பவே முடிக்கலன்னா பன்னெண்டு ஆயிடும்.”

ஒன்றரை ஆண்டு. தினமும் மாலை காலணியைக் கழற்றும் நேரத்தில் அந்தப் பிள்ளை மனக்கணக்குப் போட்டு எனக்குப் பதில் கொடுத்திருக்கிறது. நான் அதை நல்ல கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தூங்குகிறவளால் நிமிடக் கணக்கு சொல்ல முடியுமா என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

“எடுத்துடாதீங்கமா,” என்றாள். “டெஸ்ட் எழுதுனது நான். நீங்க இல்ல.”

மணி அடித்தது, உள்ளே போனாள். நான் பொதுப் பேருந்து பிடித்து, மறுபடி இரண்டு சோதனைகளையும் தாண்டி வீடு வந்தபோது ஒன்பது நாற்பது. உடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தேன். ஒரு நாள் போனதற்கே.

ஜூன் முழுவதும் வீட்டில் இதே பேச்சு. அக்கரையில் அறை எடுத்துத் தங்க வைக்க முடியுமா என்று பார்த்தோம். பதினாலு வயதுப் பெண்ணைத் தனியாக விட இருவருக்கும் மனம் வரவில்லை. வண்டியில் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போடுங்கள் என்று ஓட்டுபவரிடம் கேட்டேன். “ஆளு கெடைக்கலையே அக்கா” என்றார். அப்படி ஆள் வந்தாலும் மூன்று ஐம்பது மூன்று ஐம்பதுதான்.

முடிவை நான் எடுக்கவில்லை. கணவர்தான் எடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்திக்கொண்டிருந்தார். மகள் எதிரில் உட்கார்ந்து, சோறு வரும் முன்பே மேசையில் கை வைத்துத் தூங்கிவிட்டாள். அவர் மெஷினில் வந்த எண்ணைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். குனிந்த தலைக்குக் கீழே கழுத்து தெரிந்தது.

“இந்த வீட்டுலேர்ந்து அந்தப் பாலத்துக்கு ஒரு ஆளு போதும்,” என்றார்.

அவள் ஒன்பது நாள் எங்களோடு பேசவில்லை. நோட்டில் இருக்கிறது. பத்தாவது நாள் பேசியதும், “என் ஸ்வெட்டர் அந்தப் பையன்கிட்ட இருக்கு, வாங்கணும்” என்றுதான்.

ஜூலையில் இங்கே, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள பள்ளியில் சேர்ந்தாள். ஆறே காலுக்கு எழுந்தால் போதும். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். முதல் மூன்று வாரம் பாதி இரவில் விழித்துக்கொண்டாள். மூன்று ஐம்பதுக்கு அவள் அப்பாவின் கைப்பேசி அலறும்போதெல்லாம் தானும் எழுந்து குளியலறை வரை போய், நினைவு வந்து திரும்புவாள். அதனால் அவர் அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் பதினொரு மணி வரை தூங்கினாள். நான் எழுப்பவில்லை. புதிய பள்ளியில் தோழிகள் இன்னும் இல்லை. பழைய தோழிகள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள். அதற்கு எந்தக் கட்டமும் நான் போடவில்லை.

இரட்டைப் பொட்டலக் காப்பி நின்றது. அதாவது, ஒன்றானது. ஆகஸ்டிலிருந்து ஒரே ஓர் இருமல், நெஞ்சில் இறங்கவில்லை. அக்டோபரில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. “எறங்குது, ஆனா போதும்னு சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை அப்படியே இருக்கிறது. அது போக நாளாகுமாம். சிலருக்கு முழுதாகப் போவதும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் எண்ணெய் வைக்கிறேன். கழுத்துக்கு வரும்போது கை தானாக அழுத்தப் போகும். நிறுத்திக்கொள்கிறேன்.

தூக்கக் கட்டத்தை ஜூனிலிருந்து வெறுமையாகவே விட்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. பரிசோதனை முடிவு வந்த வாரத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பது ஐந்து, அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் நோட்டைத் திறந்து மழையை எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன்.

“நேத்து எத்தன மணிக்குத் தூங்குன?”

நின்று யோசித்தாள். “தெரியலமா.”

“சுமாரா?”

“தெரியலயே. படிச்சிட்டு இருந்தேன். அப்பறம் விடிஞ்சிருச்சு. லைட்ட யாரு அணச்சா, நீங்களா?”

நான் இல்லை. அவள் அப்பாவாக இருக்கும். அவர் சனிக்கிழமையும் மூன்று ஐம்பதுக்கு எழ வேண்டியிருந்தது.

கட்டத்தில் “தெரியவில்லை” என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “செவப்புல வட்டம் போடப் போறீங்களா?” என்றாள். இல்லை என்றேன். ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பரிசோதனை ஜனவரியில்.